கிறிஸ்து என்பது பெயரல்ல: மேசியாவை வேதம் அடையாளம் காட்டும் விதம்

"இயேசு கிறிஸ்து" என்று சேர்த்தே சொல்லிப் பழகிவிட்டோம். அதனால் முன்பாதி அவருடைய பெயர், பின்பாதி குடும்பப் பெயர் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். கிறிஸ்தவர்களிலும் அப்படி நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் கிறிஸ்து என்பது ஒரு பட்டம். "இயேசுதான் மேசியா" என்ற முழு வாக்கியமும் அந்த இரண்டு சொற்களுக்குள் மடிந்து கிடக்கிறது. அதைச் சொல்லும்போதெல்லாம், இரண்டாயிரம் ஆண்டுகளாக நடக்கும் ஒரு வழக்கில் ஒரு பக்கத்து வாதத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்த வழக்கைப் பற்றி இரண்டு விதமான பேச்சு அடிபடுகிறது. பழைய ஏற்பாட்டில், அதாவது யூதர்களின் வேதமும் கிறிஸ்தவ வேதத்தின் முதற்பகுதியுமான நூல்களில், முன்னூறு முன்னறிவிப்புகள் இருக்கின்றன, அத்தனையும் ஒரே ஆளிடம் பலித்துவிட்டன, தற்செயலாக இப்படி நடக்கக் கோடியில் ஒரு வாய்ப்புகூட இல்லை என்பது ஒரு தரப்பு. சம்பந்தமே இல்லாத வசனங்களை வெட்டியெடுத்து இயேசுவின் மேல் ஒட்டிவிட்டார்கள் என்பது மறுதரப்பு. கேட்பதற்கு எதிரெதிராக இருந்தாலும் இரண்டும் நிற்பது ஒரே அஸ்திவாரத்தில்தான். வேதத்தை இருவருமே ஜாதகக் கட்டம்போலப் பார்க்கிறார்கள். ஒருவர் பலித்தது என்கிறார், மற்றவர் பலிக்கவில்லை என்கிறார்.

வேதம் தன் சாட்சியைச் சொல்லும் முறை வேறு. அந்த முறையைப் புரிந்துகொள்ள நம்பிக்கை தேவையில்லை, கொஞ்சம் பொறுமை போதும்.

தலையில் ஊற்றிய எண்ணெய்

எபிரெய மொழியில் மாஷியாக் என்றால் எண்ணெய் பூசப்பட்டவர். யூத வேதம் கிரேக்கத்துக்கு மொழிபெயர்க்கப்பட்டபோது அந்தச் சொல்லைக் கிறிஸ்டோஸ் என்று எழுதினார்கள். மேசியாவும் கிறிஸ்துவும் இப்படி ஒரே சொல்லின் இரண்டு மொழி வடிவங்கள். கிறிஸ்தவ வேதத்தின் இரண்டாம் பகுதியான புதிய ஏற்பாடு கிரேக்கத்தில் எழுதப்பட்டதால் ஏறக்குறைய எல்லா இடத்திலும் கிறிஸ்து என்றே வருகிறது. மேசியா என்ற எபிரெயச் சாயலுள்ள வடிவம் மூல கிரேக்கத்தில் இரண்டே இடங்களில்தான் இருக்கிறது. இரண்டும் யோவான் எழுதிய நற்செய்தியில்.

எண்ணெய் பூசுவதைத் தமிழ் வேதாகமம் அபிஷேகம் என்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் சிலைக்கு நீராட்டுவது நினைவுக்கு வந்தால் வழி தவறிவிடும். பட்டாபிஷேகம் என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள், பொருள் பக்கத்தில் வந்துவிடும். ஒரு மனிதரின் தலையில் எண்ணெயை ஊற்றினால், "இந்தப் பணிக்கு இவரைக் கடவுள் நியமித்திருக்கிறார்" என்று ஊரறிய அறிவிப்பதாக அர்த்தம். நியமன ஆணையைத் தாளில் எழுதித் தராமல் தலையில் ஊற்றித் தருகிறார்கள்.

அரசர்களுக்கு அப்படி ஊற்றினார்கள். ஆசாரியர்களுக்கு, அதாவது பலி செலுத்தி மக்களுக்காகக் கடவுள்முன் நிற்கும் குருமார்களுக்கும் ஊற்றினார்கள். அபூர்வமாகத் தீர்க்கதரிசிக்கும் உண்டு. எலிசாவை அபிஷேகம் செய்யும்படி எலியாவுக்குக் கட்டளை வருகிறது. தீர்க்கதரிசி என்றால் கடவுளின் சார்பில் பேசுகிறவர். நடக்கப்போவதைச் சொல்வது அவர் வேலையில் ஒரு பகுதி மட்டுமே. அநியாயம் செய்யும் அரசனை நேருக்கு நேர் நின்று கண்டிப்பதுதான் பெரும்பாலும் அவருக்கு வாய்த்த வேலை.

ஆகவே தொடக்கத்தில் மாஷியாக் என்பது எதிர்காலத்தில் வரப்போகும் ஒருவருக்கான தனிப்பெயராக இருக்கவில்லை. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் அரசன் குகைக்குள் தனியாகக் கையில் கிடைத்தபோதும், பின்னாளில் அரசராகும் தாவீது அவனைத் தொடவில்லை. அவன் கர்த்தர் அபிஷேகம் செய்தவன் என்கிறார். சவுலும் ஒரு மாஷியாக்! அதைவிட வியப்பு ஏசாயா என்ற தீர்க்கதரிசியின் நூலில் 45-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பாரசீகப் பேரரசன் கோரேசுக்கு, யூதனே அல்லாத அந்த மனிதனுக்கு, அதே பட்டம் தரப்படுகிறது. கடவுளின் ஒரு வேலையை முடிக்க நியமிக்கப்பட்டவன் என்ற அளவில் அவனுக்கும் அது பொருந்தியது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். மேசியா என்ற சொல்லுக்குக் கடவுள் என்று பொருள் கிடையாது. இயேசு மேசியா என்பது ஒரு கூற்று, இயேசு கடவுளோடு ஒன்றானவர் என்பது இன்னொரு கூற்று. புதிய ஏற்பாடு இரண்டையும் சொல்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டு மற்றதும் நிரூபணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இதுவரை பார்த்தது: மேசியா என்பது பதவியைக் குறிக்கும் சொல். அது பலருக்கும் பொருந்தியது. அந்தப் பொதுச்சொல் எப்படி ஒரே ஒருவருக்காகக் காத்திருக்கும் சொல்லாக மாறியது என்பது அடுத்த கதை.

ஒரு வாக்குறுதியும் ஓர் இடிபாடும்

சாமுவேலின் இரண்டாம் புத்தகம் ஏழாம் அதிகாரம்தான் இதற்கு வேர். கடவுளுக்கு ஒரு வீடு கட்ட வேண்டும் என்று தாவீது ஆசைப்படுகிறார். நாத்தான் என்ற தீர்க்கதரிசி மூலம் பதில் திருப்பிப் போட்டது போல வருகிறது. நீ எனக்கு வீடு கட்ட வேண்டாம், நான் உனக்கு ஒரு வீட்டை உண்டாக்குவேன். வீடு என்ற சொல் இங்கே வம்சம் என்ற பொருளுக்கு நழுவுகிறது. உன் சந்ததியில் ஒருவனுடைய அரியணை என்றென்றும் நிலைக்கும், நான் அவனுக்குத் தகப்பனாக இருப்பேன், அவன் எனக்கு மகனாக இருப்பான் என்கிறது வாக்குறுதி.

அந்த மகன் முதலில் சாலொமோன்தான். அவன் தப்புச் செய்தால் தண்டிப்பேன் என்றும் அதே வசனம் சொல்கிறது. எனவே இயேசுவை மட்டும் மனத்தில் வைத்து எழுதிய வாக்கியமாக அதைப் படிக்க முடியாது. ஆனால் "என்றென்றும்" என்ற சொல் சாலொமோனுக்குப் பெரிய சட்டை. தாவீதின் வம்சத்தில் யார் போட்டாலும் தொளதொளவென்று தொங்குகிறது.

பிறகு கி.மு. 586-ஐ ஒட்டி பாபிலோன் படை எருசலேமை இடித்தது. ஆலயம் எரிந்தது. கடைசி அரசன் சிதேக்கியாவின் கண்களைக் குருடாக்கிச் சங்கிலியில் கட்டிக்கொண்டு போனார்கள். என்றென்றும் நிலைக்கும் என்ற அரியணையில் உட்கார ஆளில்லை.

இப்படி ஒரு நிலைமையில் இரண்டு வழிதான் இருக்கிறது. வாக்குறுதி பொய் என்று விட்டுவிடலாம். அல்லது அது இன்னும் முடியவில்லை என்று காத்திருக்கலாம். இஸ்ரவேல் காத்திருந்தது. அந்தக் காத்திருப்பில்தான் அபிஷேகம் பெற்றவர் என்ற பொதுச்சொல் கூர்மையானது. ஈசாயின் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் தோன்றும் என்று ஏசாயா சொல்லியிருந்ததை மறுபடி மறுபடி படித்தார்கள். ஈசாய் தாவீதின் தகப்பன். மரம் வெட்டப்பட்ட பிறகும் வேர் பிழைத்திருக்கிறது என்பதே அந்த உருவகத்தின் உயிர்.

வரப்போகிறவர் ஒருவரா, பலரா?

காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆளைத்தான் எதிர்பார்த்தார்கள் என்று நாம் எளிதாக நினைத்துக்கொள்கிறோம். வேதத்திலேயே பல இழைகள் தனித்தனியாக ஓடுகின்றன. தாவீதின் மகனாக ஓர் அரசர் வருவார். என்னைப்போல ஒரு தீர்க்கதரிசி எழும்புவார் என்று உபாகமம் என்ற நூலில், இஸ்ரவேலை எகிப்திலிருந்து நடத்திவந்த மோசே சொல்கிறார். சங்கீதம் 110-இல் அரசனாக அழைக்கப்படுகிறவரே அரசனும் ஆசாரியனுமாக இருந்த மெல்கிசேதேக் என்ற பழங்கால மனிதரின் முறைப்படி என்றைக்கும் ஆசாரியர் என்றும் அழைக்கப்படுகிறார். தானியேல் 7-இல் மனுஷகுமாரனுடைய சாயலான ஒருவர் வானத்து மேகங்களோடு வந்து நித்திய ஆட்சியைப் பெறுகிறார். ஏசாயாவின் பிற்பகுதியில் தாசன் என்ற உருவம் வருகிறது. அந்தத் தாசன் அடிபடுகிறான், வாயைத் திறக்காமல் சாகிறான், மற்றவர்களின் அக்கிரமத்தைச் சுமக்கிறான்.

அரசர், தீர்க்கதரிசி, ஆசாரியர், மேகங்களோடு வருபவர், அடிபட்டுச் சாகும் தாசன். இவை ஐந்தும் ஒரே ஆள் என்று எந்த வசனமும் கட்டிச் சொல்லவில்லை.

சவக்கடல் அருகே கும்ரான் குகைகளில் 1947 முதல் கண்டெடுக்கப்பட்ட சுருள்கள் இதை அழகாகக் காட்டுகின்றன. அங்கே கிடைத்த ஒரு சமூக விதிநூல், தீர்க்கதரிசியும், ஆசாரியர்களின் மூதாதையான ஆரோனின் மேசியாவும் இஸ்ரவேலின் மேசியாவும் வரும்வரை என்று பேசுகிறது. அதாவது மூன்று பேர். ஆசாரியர் தனி, அரசர் தனி, தீர்க்கதரிசி தனி. யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்திலும் இதே வரிசை எட்டிப்பார்க்கிறது. திருமுழுக்குக் கொடுத்துவந்த யோவானிடம் எருசலேமிலிருந்து ஆள் வந்து கேட்கிறார்கள்: நீர் கிறிஸ்துவா? இல்லையென்றால் எலியாவா? இல்லையென்றால் அந்தத் தீர்க்கதரிசியா? எல்லாம் ஒரே ஆளாக இருந்தால் மூன்று கேள்வி எதற்கு?

கிறிஸ்தவ வேதத்தின் துணிச்சலான கூற்று இங்கேதான் இருக்கிறது. யாரும் முடிச்சுப் போடாத இந்த இழைகள் எல்லாம் நாசரேத்து இயேசு என்ற ஒரே மனிதரிடம் வந்து முடிச்சாகின்றன என்கிறது புதிய ஏற்பாடு. "நிறைவேறிற்று" என்ற சொல்லின் முழு எடையும் அந்த முடிச்சில்தான்.

தாத்தாவை உரித்துவைத்த பேரன்

நிறைவேறுதல் என்பதை விளக்க ஒரு ஒப்புமை சொல்கிறேன். குழந்தையைப் பார்த்து "அப்படியே தாத்தாவை உரித்துவைத்திருக்கிறான்" என்கிறோம். தாத்தாவின் பழைய புகைப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேரனின் முகத்தை முன்கூட்டியே யாராலும் வரைய முடியாது. தாத்தாவும் பேரனின் விளம்பரமாக வாழவில்லை, அவருக்கென்று ஒரு வாழ்க்கை இருந்தது. ஆனால் பேரன் வந்து நின்றதும் சாயல் பளிச்சென்று தெரிகிறது. தெரிந்த பிறகு அந்தப் பழைய படத்தையே வேறு கண்ணால் பார்க்கிறோம்.

வேதம் தரும் சாட்சியில் பெரும்பகுதி இப்படிப்பட்ட சாயல்தான். இறையியலில் இதற்கு முன்னடையாளம் என்று பெயர். முன்பு நடந்த ஒரு நிகழ்வோ வாழ்ந்த ஒரு மனிதரோ, பின்னால் வரும் ஒன்றின் வடிவத்தைத் தாங்கியிருப்பது. இதற்குத் தொடக்ககாலத் திருச்சபைத் தலைவரான பவுல் ரோமர் கடிதத்தில் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் டூபோஸ். அழுத்தியதால் பதிந்த தடம், அச்சு என்று பொருள். தமிழில் "அச்சில் வார்த்தாற்போல" என்கிறோமே, அந்த அச்சேதான்.

இதை விட்டுவிட்டுப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு மத்தேயு நற்செய்தியின் 2-ஆம் அதிகாரம் நல்ல உதாரணம். அரசன் ஏரோதுக்குத் தப்பி எகிப்துக்குப் போன இயேசுவின் குடும்பம் பிறகு திரும்புகிறது. "எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்" என்று தீர்க்கதரிசி சொன்னது நிறைவேறும்படி இது நடந்தது என்கிறார் மத்தேயு. அந்தத் தீர்க்கதரிசியின் நூலான ஓசியாவில் 11-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். அங்கே முன்னறிவிப்பே இல்லை. மோசேயின் காலத்தில் இஸ்ரவேல் மக்கள் எகிப்தை விட்டு வெளியேறிய பழைய கதையைக் கடவுள் வருத்தத்தோடு நினைவுகூர்கிறார். குமாரன் என்பது அங்கே இஸ்ரவேல் மக்கள்.

விமர்சகர்கள் உடனே, பார்த்தீர்களா, வெட்டி ஒட்டியிருக்கிறார் என்பார்கள். ஆனால் மத்தேயுவின் அடுத்த பக்கங்களைத் தொடர்ந்து படித்தால் அவர் செய்வது தெரியும். எகிப்திலிருந்து வந்த இயேசு தண்ணீரில் இறங்கி ஏறுகிறார், இஸ்ரவேல் கடலைக் கடந்ததுபோல. வனாந்தரத்தில் நாற்பது நாள் இருக்கிறார், அவர்கள் நாற்பது ஆண்டு அலைந்ததுபோல. அங்கே சோதிக்கப்படும்போது மூன்று முறையும் அவர் சொல்லும் பதில் உபாகமத்திலிருந்துதான், அதுவும் வனாந்தர நாட்களை நினைவூட்டும் பகுதியிலிருந்து. பிறகு மலையேறிக் கற்பிக்கிறார். ஒரு மக்களினத்தின் கதையை ஒரு மனிதர் திரும்ப நடக்கிறார், அவர்கள் தோற்ற இடத்தில் தோற்காமல். ஓசியா அந்தக் கதைக்கான சுட்டி மட்டுமே. மத்தேயு ஓசியாவைச் சரியாகப் படிக்கவில்லை என்று சொல்பவர்கள், பெரும்பாலும் மத்தேயுவை முழுதாகப் படிக்காதவர்கள்.

எல்லாமே சாயல் என்றும் சொல்லிவிட முடியாது. நேரடியாக முன்னோக்கிப் பார்க்கும் வாக்குகளும் உண்டு. மீகா 5 பெத்லகேமிலிருந்து ஓர் ஆளுநர் வருவார் என்கிறது. மேசியா எங்கே பிறப்பார் என்று ஏரோது கேட்டபோது வேத அறிஞர்களான வேதபாரகர்கள் அந்த வசனத்தைத்தான் காட்டினார்கள் என்று மத்தேயுவில் இருக்கிறது. கலிலேயாவிலிருந்து கிறிஸ்து வருவாரா, தாவீதின் ஊராகிய பெத்லகேமிலிருந்து அல்லவா வரவேண்டும் என்று மக்கள் வாதாடுவதை யோவான் பதிவு செய்திருக்கிறார்.

மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு. வேண்டுமென்றே செய்து காட்டுவது. உன் ராஜா கழுதையின்மேல் ஏறி வருகிறார் என்பது சகரியா 9. இயேசு கழுதைக்குட்டியைக் கொண்டுவரச் சொல்லி, அதன்மேல் ஏறி எருசலேமுக்குள் நுழைகிறார். தெரிந்தே செய்திருக்கிறாரே, இது என்ன முன்னறிவிப்பு என்று கேட்பவர்களுக்குப் பதில்: ஆமாம், தெரிந்தேதான் செய்தார். போர்க்குதிரையை விட்டுவிட்டுக் கழுதையைத் தேர்ந்தெடுத்ததன் மூலம் தாம் எப்படிப்பட்ட அரசர் என்பதை வாய் திறக்காமலே சொன்னார்.

சுருக்கமாக: வாக்கு, சாயல், செய்துகாட்டல் என்று மூன்று விதமாக வேதம் இயேசுவைச் சுட்டுகிறது. மூன்றையும் ஒரே பெட்டியில் கொட்டி எண்ணிக்கை போட்டு நிகழ்தகவு கணக்கிடுவது, பேரனின் சாயலை அளவுகோல் வைத்து அளப்பதற்குச் சமம்.

எல்லாக் கணக்கையும் கலைத்த சிலுவை

மேசியா என்று அறிவிக்கப்பட்டவர் இறந்துவிட்டால் சாதாரணமாக வழக்கு அங்கேயே முடிந்துவிடும். இயேசுவுக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின், கி.பி. 132 முதல் 135 வரை, பார் கோக்பா என்பவர் ரோமை எதிர்த்துப் போரிட்டார். பெரும் மதிப்புக்குரிய யூத குருவான ரபி அகிபா இவர்தான் மேசியா அரசர் என்று அறிவித்தார் என்று எருசலேம் தல்மூது என்ற யூத நூல் சொல்கிறது. அங்கேயே இன்னொரு ரபியின் பதிலும் இருக்கிறது: அகிபா, உன் கன்னத்தில் புல் முளைக்கும், அப்போதும் தாவீதின் மகன் வந்திருக்க மாட்டான். பார் கோக்பா கொல்லப்பட்டார். அவரே மேசியா என்று சொல்லிக்கொண்டு ஓர் இயக்கம் அதன்பின் நிலைக்கவில்லை. தோற்றவர் மேசியா அல்ல, அவ்வளவுதான்.

இயேசுவின் விஷயத்தில் இன்னும் மோசம். மரத்தில் தூக்கப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 21 சொல்கிறது. சிலுவையில் இறந்த மேசியா என்பது அன்றைய யூத காதுக்குச் சபிக்கப்பட்ட ஆசீர்வாதம் என்பதுபோல ஒலித்திருக்கும். இது யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியம் என்று பவுல் கொரிந்தியருக்கு ஒளிக்காமல் எழுதினார்.

லூக்கா நற்செய்தி 24-இல் வரும் இயேசுவின் சீடர்கள் இருவரின் பேச்சு இந்த நிலையைத் துல்லியமாகக் காட்டுகிறது. எருசலேமிலிருந்து எம்மாவூருக்கு ஏறக்குறைய பதினொரு கிலோமீட்டர் நடக்கிறார்கள். இஸ்ரவேலை மீட்பவர் அவர்தான் என்று நம்பியிருந்தோம் என்கிறார்கள். நம்பியிருந்தோம். அந்த இறந்தகால வினையில் எல்லாம் இருக்கிறது. இவர்கள் வேதம் தெரியாதவர்கள் அல்லர். சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். அப்படியும் அவர்கள் மனத்தில் பாடுபடும் மேசியாவுக்கு இடமே இல்லை. கூட நடந்துவரும் அந்நியர், கிறிஸ்து இப்படிப் பாடுபடவேண்டியதில்லையா என்று கேட்டு, மோசே தொடங்கி எல்லாத் தீர்க்கதரிசிகளையும் விளக்குகிறார். அந்த அந்நியர்தான் உயிர்த்தெழுந்த இயேசு என்று அப்பம் பிட்கும்போதுதான் தெரிகிறது.

இந்தக் கதையில் நிகழ்ச்சி முதலில், வாசிப்பு பிறகு என்ற வரிசையைக் கவனியுங்கள். சீடர்கள் ஏசாயா 53-ஐப் படித்துவிட்டு அதற்குப் பொருந்தும் ஆளைத் தேடிப் போகவில்லை. சிலுவையும், உயிர்த்தெழுதல் என்று அவர்கள் உறுதியாகச் சாட்சி சொன்னதும் முதலில் வந்தன. அதன்பிறகுதான் வேதத்தைப் பின்னோக்கிப் படித்தார்கள். துப்பறியும் கதையின் கடைசிப் பக்கம் தெரிந்தபின் முதல் அத்தியாயத்தை மறுபடி படிப்பதுபோல. முதல் முறை கண்ணில் படாமல் போன ஒரு சின்ன வரி, இரண்டாம் முறை எழுந்து நிற்கும். அந்த வரி இரண்டாம் முறை புதிதாகச் சேர்க்கப்பட்டதல்ல.

இதற்கு ஓர் உரிய சாட்சியம் இருக்கிறது. கும்ரான் சுருள்களில் ஏசாயா முழுப் புத்தகமும் உள்ள பெரிய சுருள் ஒன்று உண்டு. ஏழு மீட்டருக்கும் மேல் நீளம். அது இயேசு பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்பே படியெடுக்கப்பட்டது. அதில் 53-ஆம் அதிகாரம் இருக்கிறது. எனவே கிறிஸ்தவர்கள் அதைப் பின்னால் எழுதிச் சேர்த்தார்கள் என்று சொல்ல வழியில்லை. அதன் பொருள் என்ன என்பதில் வழக்கு இருக்கலாம், அதன் வயதில் இல்லை.

அவரே என்ன சொன்னார்?

புதியவர்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. நானே மேசியா என்று இயேசு ஊரைக் கூட்டிச் சொல்லும் காட்சி எங்கும் இல்லை. பிலிப்புச் செசரியா என்ற ஊர்ப் பக்கத்தில் சீடர் பேதுரு "நீர் கிறிஸ்து" என்று சொன்னதும், மாற்கு நற்செய்தியில் அவர் செய்வது யாருக்கும் சொல்லாதீர்கள் என்று எச்சரிப்பது. அடுத்த மூச்சில் தாம் பாடுபட்டுக் கொல்லப்படப்போவதைச் சொல்கிறார். பேதுரு அவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார், பதிலுக்குச் "சாத்தானே" என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறார். சொல் சரி, பேதுரு அதற்குள் வைத்திருந்த பொருள் சரியில்லை. ரோமரை விரட்டும் வீரன் என்ற படம் ஊரார் மனத்தில் இருக்கும்போது பட்டத்தை ஏற்றுக்கொள்வது, அந்தப் படத்தையும் சேர்த்து ஏற்பதாகிவிடும். அவர் மௌனத்துக்கு இது ஒரு காரணம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும் சுட்டிக்காட்டிக்கொண்டே இருந்தார். வருகிறவர் நீர்தானா என்று, திருமுழுக்குக் கொடுத்த அந்த யோவான் சிறையிலிருந்து ஆளனுப்பிக் கேட்டபோது, ஆமாம் இல்லை என்று பதில் இல்லை. குருடர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது, போய்ச் சொல்லுங்கள் என்றார். ஏசாயாவை அறிந்தவருக்கு அது நேரடியான பதில். நாசரேத்து ஜெப ஆலயத்தில் ஏசாயா 61-ஐ வாசித்தபோது கர்த்தருடைய அனுக்கிரக வருஷம் என்ற இடத்தில் நிறுத்திவிட்டுச் சுருளைச் சுருட்டினார். அந்த வாக்கியம் பழிவாங்கும் நாளைப் பற்றித் தொடர்கிறது. பாதியில் நிறுத்தியதைப் பலர் தற்செயலாக எடுத்துக்கொள்வதில்லை, நானும் அப்படித்தான்.

தாவீதின் மகன் என்ற பட்டத்தையே ஒருமுறை அவர் கேள்வியாக்கினார். சங்கீதம் 110-இல் தாவீதே மேசியாவை ஆண்டவர் என்கிறாரே, அப்படியிருக்க மேசியா தாவீதுக்கு மகனாவது எப்படி? வெறும் வாரிசைவிட மேலான ஒருவர் என்ற வாசல் இங்கே திறக்கிறது. புதிய ஏற்பாட்டில் மிக அதிகமாக எடுத்தாளப்படும் பழைய ஏற்பாட்டு வசனம் இதுதான். முடிவில் பிரதான ஆசாரியன் நேருக்கு நேர் கேட்கிறான். நீ கிறிஸ்துவா? மாற்கில் இயேசு அப்போது ஒத்துக்கொள்கிறார். சங்கீதம் 110-ஐயும் தானியேல் 7-ஐயும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்கிறார். கைகள் கட்டப்பட்டு, வீரன் என்று யாரும் தவறாக நினைக்க முடியாத அந்த இடத்தில்தான் பட்டத்தை ஏற்கிறார்.

சாட்சிக் கூண்டில் யார் யார்?

யூத சட்டத்தில் ஒருவருடைய சாட்சி மட்டும் போதாது. இரண்டு மூன்று பேர் வேண்டும். யோவான் 5-ஆம் அதிகாரம் இதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. தம்மைப்பற்றித் தாமே சொன்னால் செல்லாது என்று தொடங்கும் இயேசு, சாட்சிகளை அழைக்கிறார்: திருமுழுக்குக் கொடுத்த யோவான், தாம் செய்யும் செயல்கள், தம்மை அனுப்பிய பிதா, கடைசியாக வேதம்.

"வேதவாக்கியங்களை ஆராய்ந்துபாருங்கள்" என்று பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் கட்டளையாக இருக்கும் புகழ்பெற்ற வசனம் இங்கேதான் வருகிறது. கிரேக்க வினைவடிவம் கட்டளையாகவும் இருக்கலாம், "ஆராய்கிறீர்கள்" என்ற கூற்றாகவும் இருக்கலாம். சூழலைப் பார்த்தால் இரண்டாவதே பொருத்தம். ஆராய்கிறீர்கள், அவை என்னைக்குறித்தே சாட்சி சொல்கின்றன, ஆனாலும் என்னிடம் வர மாட்டேன் என்கிறீர்கள் என்ற மனத்தாங்கல் அதில் தொனிக்கிறது. படித்தால் போதும், தானாகவே தெரிந்துவிடும் என்று யோவான் எங்கும் சொல்லவில்லை.

யூதர்கள் ஏற்காதது பிடிவாதத்தாலா?

அப்படிச் சொல்வது அநியாயம். அவர்களுடைய ஆட்சேபணை வேதத்திலிருந்தே வருகிறது. மேசியா வந்தால் பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள், சிதறியவர்கள் திரும்புவார்கள், உலகம் சமாதானமாகும் என்று தீர்க்கதரிசிகள் சொன்னார்கள். அது நடந்திருக்கிறதா? ஏசாயா 53-இன் தாசன் இஸ்ரவேல் மக்களே என்பது 11-ஆம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி தந்த விளக்கம். ஏசாயா 49-இல் தாசனை இஸ்ரவேல் என்றே அழைக்கும் வசனம் இருப்பதால் அதைத் தள்ளிவிட முடியாது. தாசன் தன் மக்களுக்காகவே அடிபடுகிறான் என்று 53 சொல்கிறதே, மக்களும் தாசனும் ஒன்றாக இருப்பது எப்படி என்பது கிறிஸ்தவர்களின் எதிர்க்கேள்வி. சமாதானத்தைப் பற்றிய கேள்விக்கு அவர்கள் தரும் பதில் இரண்டு வருகை. பாடுபட ஒருமுறை, ஆள ஒருமுறை. ஏசாயா 61-ஐ இயேசு பாதியில் நிறுத்தியதையும் இப்படியே விளக்குகிறார்கள். இந்தப் பதில் போதுமா என்பதில்தான் இரண்டு சமயங்களும் பிரிகின்றன.

எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

இணையத்துப் பட்டியல்களை ஓரம் வைத்துவிட்டு, சங்கீதம் 22-ஐ ஒருமுறை முழுதாகப் படியுங்கள். கைவிடப்பட்ட ஒருவனின் கதறல் அது. இயேசுவை மறந்துவிட்டு, பாடியவனுடைய வலியாகவே படியுங்கள். பிறகு மாற்கு 15-க்குப் போங்கள். உடைகளுக்குச் சீட்டுப் போடுகிறார்கள், கடந்துபோகிறவர்கள் தலையை அசைத்துப் பரிகாசம் செய்கிறார்கள், ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற குரல் எழுகிறது. சங்கீதத்தின் பெயரை மாற்கு அங்கே ஓரிடத்திலும் சொல்லவில்லை. வாசகருக்குக் காது இருக்கும் என்று விட்டுவிட்டார்.

பிறகு சங்கீதத்துக்கே திரும்பி, அந்தக் கதறல் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பாதிக்கு மேல் அதன் குரல் மாறுகிறது.